கர்சரும் நடிகர்தான்: லேப்டாப் திரைக்குள் ஒரு த்ரில்லர் எடுத்த பதிவு

படம் முழுக்க ஒரு பெண்ணின் லேப்டாப் திரை மட்டும்தான். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அப்பா மதுரையில் தனியாக இருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை குடும்ப குரூப்பில் அப்பாவின் ரோஜாப்பூ 'காலை வணக்கம்' வரவில்லை. மதியத்துக்குள் விஷயம் தெரிந்துவிடுகிறது: யாரோ அவரை 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள். சிபிஐ, கஸ்டம்ஸ், மும்பை போலீஸ் என்று ஏதோ ஒரு பெயரில் வீடியோ காலில் வருவது, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்பது, அழைப்பைக் கட் பண்ணாதே, யாரிடமும் பேசாதே என்று மணிக்கணக்கில் மிரட்டிப் பணத்தை மாற்ற வைப்பது. அந்த மோசடிதான் கதை. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். அதற்குப் பிறகும் ஆட்கள் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குற்றமே திரைக்குள் நடக்கிறது என்பதால் படமும் திரைக்குள்ளேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தோம். 14 நிமிடக் குறும்படம். நான், எடிட்டிங் தெரிந்த நண்பர், நடிக்க இரண்டு பேர், குரல் கொடுக்க இரண்டு பேர். இதே மாதிரி எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்காக, வேலை நடந்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

இந்த வகைப் படங்களில் இரண்டு வழி உண்டு. 2014இல் வந்த 'அன்ஃபிரெண்டட்' ஒரே லேப்டாப் திரையை முழுசாகக் காட்டிக்கொண்டே இருக்கும். எங்கே பார்ப்பது என்பது நம் பொறுப்பு. 2018இல் வந்த 'சர்ச்சிங்' திரைக்குள்ளேயே குளோசப் போகும், வெட்டும், கர்சரைத் துரத்திக்கொண்டு நகரும். அதாவது திரையைச் செட் மாதிரி வைத்துக்கொண்டு சினிமா இலக்கணத்தில் படம் எடுப்பது. மலையாளத்தில் ஊரடங்குக் காலத்தில் மகேஷ் நாராயணன் எடுத்த 'சி யூ சூன்' படமும் இந்த இரண்டாவது வழிதான். எங்கள் படத்தைப் பெரும்பாலும் ஃபோனில்தான் பார்க்கப் போகிறார்கள். ஆறு அங்குலத் திரைக்குள் முழு லேப்டாப் திரையைக் காட்டினால் எழுத்து எறும்பு சைஸில்தான் தெரியும். அதனால் எங்களுக்கும் இரண்டாவது வழியே சரி என்று பட்டது. ஃபோன் திரையை வைத்தே கதை சொல்லலாமே என்று நண்பர் கேட்டார். செங்குத்துத் திரையை அகலப் படத்துக்குள் வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடக்கும். லேப்டாப்பில் ஒரே நேரத்தில் மூன்று ஜன்னல் திறந்திருக்கலாம், ஒன்றின் மேல் இன்னொன்று வந்து விழலாம். த்ரில்லருக்கு அந்த நெரிசல் வேண்டும்.

'சர்ச்சிங்' படத்தை நடிகர்களை வைத்து எடுத்தது வெறும் 13 நாள். எடிட்டிங் வருடக் கணக்கில் இழுத்தது. அதைவிட முக்கியமான விஷயம், படப்பிடிப்புக்கு முன்னாலேயே எடிட்டர்கள் இருவரும் உட்கார்ந்து முழுப் படத்துக்கும் ஒரு கச்சா வடிவம் செய்து வைத்துவிட்டார்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் இயக்குநர் அனீஷ் சாகன்டியே முகம் காட்டிப் பேசியிருந்தார். அந்த எடிட்டர்கள்தான் பிறகு 2023இல் 'மிஸ்ஸிங்' படத்தை இயக்கினார்கள். இந்த வகையில் எடிட்டர் கையில்தான் படம் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நாங்களும் அப்படியே தொடங்கினோம். ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தாறுமாறாக வெட்டி ஒட்டி, அப்பா, மகள், சித்தி, போலி அதிகாரி எல்லாருக்கும் என் குரலையே வைத்து ஒரு கச்சாப் படம். பார்க்கச் சகிக்காது. ஆனால் எந்தக் காட்சி நிற்கும், எது விழும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். எழுதும்போது அமர்க்களமாக இருந்த ஒரு காட்சியில் மகள் வங்கியின் வாடிக்கையாளர் சேவையோடு சாட்டில் மல்லுக்கட்டுகிறாள். அங்கே படம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தூக்கிவிட்டோம். ஒரே வரியில் எழுதிய இன்னொரு காட்சி படத்தின் நடுத்தூண் ஆகிவிட்டது. அப்பாவின் ஃபோனை வாங்கிக் கொடுத்து கூகுள் கணக்கு திறந்து கொடுத்தது மகள்தான். பாஸ்வேர்டு அவளிடம் இருக்கிறது. அவள் கூகுள் ஃபோட்டோஸைத் திறக்கிறாள். அப்பா கேமராவில் எடுக்கும் படங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து சேர்கின்றன: பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதார், வைப்புத்தொகை ரசீது. அவரிடம் யார் எதைக் கேட்கிறார்கள் என்பது வரிசையிலேயே தெரிந்துவிடுகிறது. வசனமே இல்லை. ரசீதுக்கு அடுத்து வருகிற படம் மங்கலாக இருக்கிறது. அவர் கை நடுங்கியிருக்கிறது.

அடுத்து வருவது, திரையை அப்படியே ரெக்கார்ட் செய்வதா, உட்கார்ந்து வரைவதா என்ற கேள்வி. ரெக்கார்ட் செய்வது சுலபம். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளைப் போட்டால் போதும். ஆனால் மகள் ஒரு வார்த்தையை அரை நொடி தாமதமாக அடிக்க வேண்டும் என்று எடிட்டில் தோன்றினால் மொத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். அப்புறம் உண்மையான சாட் திரையில் உண்மையான ஆட்களின் முகமும் எண்ணும் எங்கேயாவது எட்டிப் பார்க்கும். அதனால் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனி அடுக்காக வரைந்து, அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கொண்டுவந்து உயிர் கொடுத்தோம். வெப்பக்கங்களை உருட்டிக்கொண்டு போகிற இடங்களில் மட்டும் ஓபிஎஸ். அதில் ஒரு எச்சரிக்கை: ஃபோனிலோ வேறு மென்பொருளிலோ திரையைப் பதிவு செய்தால் பிரேம் வேகம் ஏறி இறங்கும் கோப்பாக வர வாய்ப்பு உண்டு. எடிட்டில் போட்டால் ஒலியும் படமும் மெல்ல மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நாங்கள் திரையை வரைந்த கேன்வாஸ் 3840×2160 பிக்சல், வெளியீடு 1920×1080. அதாவது இரண்டு மடங்கு வரை தைரியமாகக் குளோசப் போகலாம். அதற்கு மேல் போக வேண்டிய இடங்களில் எழுத்தையும் ஐகானையும் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டராகவே வைத்துக்கொண்டோம். டைம்லைனை நொடிக்கு 24 பிரேமில் வைத்துப் பார்த்தோம். வேகமாக நகரும் கர்சர் தத்தித் தத்திப் போகிற மாதிரி தெரிந்தது, உருட்டும்போது வரிகள் அதிர்ந்தன. 30க்கு மாற்றியதும் கண்ணுக்கு இதமானது.

இனி தமிழ் எழுத்து. நாங்கள் பார்த்த வெளிநாட்டுச் செய்முறை வீடியோக்கள் எதிலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் முதன்முதலாகத் தமிழை ஒட்டியபோது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறியது. எங்களிடம் இருந்த பதிப்பில், அமைப்புகளில் டைப் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றி, புது ப்ராஜெக்ட் திறந்து எழுதியதும் ஒழுங்காக வந்தது. எடிட்டிங் மென்பொருளான பிரீமியரிலும் கிராஃபிக்ஸ் அமைப்பில் இதே தேர்வு இருந்தது.

எழுத்து சரியாகத் தெரிவது பாதி வேலைதான். அது டைப் ஆகிற மாதிரியும் தெரிய வேண்டும். எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்ற வைக்கும் ரெடிமேட் எஃபெக்ட் உண்டு. அது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் விரல் விசையைத் தட்டும்போது திரையில் நடப்பதே வேறு. எங்கள் கதையில் அப்பா தாலுகா அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். தமிழ்99இல் 'எங்க' என்று அடிக்கும்போது முதலில் 'எ', அடுத்து 'எங', அப்புறம் 'க' தட்டியதும் முந்தைய எழுத்தின் தலையில் தானாகப் புள்ளி விழுந்து 'எங்க'. 'இருக்கீங்க' என்பதை இப்படி உடைத்தோம்: இ, இர, இரு, இருக, இருக்க, இருக்கீ, இருக்கீங, இருக்கீங்க. இந்த எட்டு நிலைக்கும் எட்டு கீஃபிரேம், அதாவது எந்த நொடியில் எது தெரிய வேண்டும் என்று குறிக்கும் புள்ளி. ரெடிமேட் எஃபெக்டை நம்பினால் புள்ளியோடு கூடிய 'க்' முழுசாக வந்து குதிக்கும். தமிழ்99இல் டைப் செய்கிறவர் எவரும் அப்படிப் பார்த்ததே இல்லை. என்ன தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று உறுத்தும். படத்தில் மகள் தமிழில் அடிக்கும் வரிகள் கொஞ்சம்தான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் இந்தச் சல்லடை வேலை செய்தோம்.

கதையின் முடிச்சும் இங்கேயே கிடைத்தது. மகள் உலகத்தோடு ஆங்கில எழுத்தில் தமிழ் பேசுகிறாள், அப்பாவோடு மட்டும் தமிழ் எழுத்தில். அப்பாவும் அவளுக்குத் தமிழில்தான் எழுதுவார், ஒற்றுப்பிழை இல்லாமல், வாக்கிய முடிவில் புள்ளி வைத்து. அன்றைக்கு அவள் 'எங்க இருக்கீங்கப்பா?' என்று கேட்டதற்குச் சுத்தமான ஆங்கிலத்தில் பதில் வருகிறது: நலமாக இருக்கிறேன், வேலையாக இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன். அவள் அடித்த கேள்வியைவிட, அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு அவள் அடித்து அழித்ததுதான் காட்சி. 'யார் நீங்க' என்று அடிக்கிறாள். நிறுத்துகிறாள். ஒவ்வொரு எழுத்தாக அழிக்கிறாள். 'சரிப்பா' என்று அனுப்புகிறாள். நாவலில் மனவோட்டம் எழுத ஒரு பக்கம் பிடிக்கும். இங்கே பேக்ஸ்பேஸ் விசை போதும். அழிக்கும் வேகம்கூட முக்கியம்: விசையை அழுத்திப் பிடித்தால் ஆத்திரம், ஒவ்வொன்றாகத் தட்டினால் யோசனை.

கர்சருக்கு வருகிறேன். மொத்த வேலையில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இது. முதலில் இரண்டு புள்ளிக்கு நடுவே கீஃபிரேம் போட்டு நகர்த்தினோம். எவ்வளவு மென்மையாக்கினாலும் ரோபோ நகர்த்துகிற மாதிரியே இருந்தது. மனிதக் கை நேர்கோட்டில் போவதில்லை. பொத்தானைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வரும். படிக்கும்போது சும்மா வரியைத் தேர்ந்தெடுத்து விடும், மறுபடி தேர்ந்தெடுக்கும். பயந்தால் ஒரே இடத்தில் நின்றுவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மோஷன் ஸ்கெட்ச் என்று ஒரு கருவி உண்டு. நாம் மவுஸை நகர்த்த நகர்த்த அதை அப்படியே பதிவு செய்து கொடுக்கும். மகளாக நடித்தவரையே கூப்பிட்டு உட்கார வைத்து, கச்சாப் படத்தின் ஒலியை ஓடவிட்டு, அவர் கையாலேயே கர்சரை நகர்த்தச் சொன்னோம். நடிக்கிறேன் என்று நினைக்காமல் நகர்த்திய தடவைகள்தான் நன்றாக வந்தன. பணம் போன எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் அவர் கை தொகையின் மேல் போய் மெதுவாகக் கோடு போட்டது, பூஜ்ஜியங்களை எண்ணுகிற மாதிரி. நாங்கள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பதிவில் வரும் நடுக்கத்தை அதே மென்பொருளில் உள்ள ஸ்மூதர் கருவியை வைத்து லேசாகக் குறைத்துக்கொள்ளலாம். அதிகம் குறைத்தால் மறுபடி ரோபோ.

இன்னொரு சின்ன விஷயம், கர்சர் உருவம் மாற வேண்டும். எழுத்தின் மேல் போனால் செங்குத்துக் கோடு, லிங்க்கின் மேல் போனால் கை, மற்ற இடத்தில் அம்பு. மூன்றையும் தனித்தனியாக வைத்து இடத்துக்கு ஏற்ப மாற்றினோம். அலுப்பான வேலை. ஆனால் அம்பு அம்பாகவே எழுத்தின் மேல் ஊர்ந்தால் ஒட்டுமொத்தத் திரையும் அட்டை செட் ஆகிவிடும்.

முகங்கள் எடுத்தது சீக்கிரம் முடிந்தது. நடிகர்கள் இரண்டு பேரும் வேறு வேறு அறையில். ஒரு ஃபோனில் உண்மையாகவே வீடியோ கால் போட்டுப் பேசிக்கொண்டார்கள், பக்கத்தில் இன்னொரு ஃபோன் அவர்கள் முகத்தை நல்ல தரத்தில் பதிவு செய்தது. பார்வைதான் சிக்கல். வீடியோ காலில் யாரும் லென்ஸைப் பார்ப்பதில்லை, எதிராளியின் முகத்தைப் பார்ப்பார்கள். லென்ஸைச் சுற்றி மூன்று வண்ண ஸ்டிக்கர் ஒட்டி, சாட் ஜன்னல் இங்கே, அப்பா முகம் இங்கே, புகைப்படங்கள் இங்கே என்று குறித்துக்கொடுத்தோம். கச்சாப் படத்தில் எந்த ஜன்னல் எங்கே இருக்கும் என்று முடிவாகியிருந்ததால் இது முடிந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுப்பவர்கள் கவனிக்க: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 பிரேமில் கேமராவின் ஷட்டரை 1/60 நொடியில் வைத்தால் படம் துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அடங்கும்.

நல்ல தரத்தில் எடுத்த முகத்தை அப்புறம் கெடுக்க வேண்டும். மதுரை வீட்டு வைஃபையில் இருந்து வருகிற படம் பளபளவென்று இருந்தால் யார் நம்புவார்கள்? எஃபெக்ட் எதுவும் போடாமல், வீடியோவை 320×180க்குச் சுருக்கி, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவை) படுமோசமாகக் குறைத்து ஏற்றுமதி செய்து, திரும்ப இழுத்துப் பெரிதாக்கினோம். அசலான கட்டங்கள் அப்படியே கிடைத்தன. அப்பா எச்சில் விழுங்கும் இடத்தில் படம் உறைகிறது, குரல் மட்டும் ஓடுகிறது. உறைந்த முகம் எதுவாக இருக்க வேண்டும் என்று தேடவே ஒரு மாலை ஓடியது.

தொடர்ச்சிக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட். சாதாரணப் படத்தில் சட்டை, பொட்டு, கடிகாரம் பார்ப்பார்கள். இங்கே திரையின் மூலையில் நேரம் எப்போதும் ஓடுகிறது. பேட்டரி சதவீதம், திறந்திருக்கும் டேப்கள், படிக்காத செய்தி எண்ணிக்கை, அப்பாவின் பெயருக்குக் கீழே கடைசியாக வந்த நேரம், டிக் ஒன்றா இரண்டா, சாம்பலா நீலமா. ஒற்றை டிக் என்றால் அப்பாவின் ஃபோனுக்கே போய்ச் சேரவில்லை என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், விளக்கவே வேண்டியதில்லை. அந்த ஒற்றை டிக்கைப் பெரிதாகக் காட்டினால் பின்னணி இசை தேவைப்படாது. எடிட்டில் காட்சிகளை முன்னே பின்னே மாற்றும்போதெல்லாம் கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கும். அதனால் நேரத்தையும் பேட்டரியையும் தனி அடுக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்புப் பட்டியலுக்கு என் அம்மா ஃபோனைப் பார்த்துக் காப்பியடித்தேன்: 'கேஸ் அண்ணன்', 'பால் புதுசு', 'சித்தி ஜியோ', 'எலக்ட்ரீஷியன் வேண்டாம்'. எண்களை எங்கேயும் காட்டவில்லை. பத்து இலக்கத்தில் எதை எழுதினாலும் அது யாரோ ஒருவரின் எண்ணாக இருக்கலாம், படம் வந்த மறுநாளே அவருக்குக் கால் போகும். பெயராகச் சேமித்துக் காட்டுவதுதான் பாதுகாப்பு. காட்டிய ஒரே எண் 1930, சைபர் குற்ற உதவி எண். போலி அதிகாரி அனுப்பும் கைது ஆணையில் சிங்க முத்திரை வர வேண்டும். தேசிய இலச்சினையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005லேயே தனிச் சட்டம் இருக்கிறது. வம்பு வேண்டாம் என்று மோசமாக ஸ்கேன் ஆன வட்டமான ஊதா மையாக ஒன்றைச் செய்தோம். மோசடிக்காரர்கள் அனுப்புவதும் கிட்டத்தட்ட அந்த லட்சணத்தில்தான் இருக்கும். ஆதார் அட்டையில் அப்பாவின் கட்டைவிரல் எண்ணை மறைக்கிறது.

ஒலியில் இரண்டே இடம் சொல்கிறேன். தொலைபேசிக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மீதியை வெட்டுவது பழைய வழி. சுமாராக இருந்தது. பதிவு செய்த குரலை ஒரு ஃபோன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதை மேஜை மேல் கவிழ்த்து வைத்து மைக்கில் மறுபடி பிடித்தபோதுதான் சரியான கரகரப்பு வந்தது. மகளின் அறைக்கு ஃபேன் சத்தம், வெளியே தெருவில் ஹாரன். ஃபேன் சத்தத்தைப் படம் முழுக்க ஒரே சீராக வைத்து, கடைசி வீடியோ காலில் மட்டும் கரண்ட் போய் நிற்கிற மாதிரி செய்தோம். லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, வைஃபை போய்விடுகிறது. ஃபோன் ஹாட்ஸ்பாட்டை அவள் இணைக்கிற அந்த நேரம் முழுக்க அறையில் ஒரு சத்தமும் இல்லை.

ஏற்றுமதி செய்தபின் கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஃபோனை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, வெளிச்சத்தில், கையை நீட்டிப் பாருங்கள். எங்களுக்கு 1080 உயரத்தில் 40 பிக்சலுக்குக் கீழே இருந்த எந்தத் தமிழ் எழுத்தும் படிக்க முடியவில்லை. ஆங்கிலம் அதைவிடச் சிறிதாக இருந்தாலும் தாங்கும். தமிழில் புள்ளியும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் குளோசப்களை இன்னும் நெருக்கமாக்கினோம், சில சாட் வரிகளையே சுருக்கினோம். இப்போது ஆங்கில சப்டைட்டில் வேலை ஓடுகிறது. திரையின் கீழ்ப்பகுதியில்தான் டைப் செய்யும் பெட்டி இருக்கிறது, சப்டைட்டில் அதன் மேலேயே போய் உட்காருகிறது. ஒவ்வொரு வரியாக மேலே தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். அழிக்கப்பட்ட 'யார் நீங்க'வுக்கு சப்டைட்டிலும் எழுத்தெழுத்தாக அழிய வேண்டும் என்று நண்பர் ஒற்றைக்காலில் நிற்கிறார். அந்த ஒரு வரியைத் தனி கிராஃபிக்ஸாகச் செய்வதாக முடிவு.